இரண்டரை திர்ஹம்

கொடுத்தது பன்னிரண்டு திர்ஹம் பொன்.
கெண்டியில் ஏறியிருப்பது ஒன்பதரை.
மீதி எங்கே என்று கேட்டுவிட்டு
பாஷா வீட்டுக் கணக்கர் ஷாகிர் எஃபெந்தி
எங்கள் பட்டறை நிலைப்படியிலேயே தராசைத் தொங்கவிட்டார்.
வெறும் செம்பாய் இருந்தபோது ஓர் எடை,
எனாமல் ஏறியபின் ஓர் எடை,
முலாம் பூசியபின் ஓர் எடை.
மூன்றும் அவர் ஏட்டில் இருந்தன.

யெப்ரெம் பதில் சொல்லவில்லை.
வாயில் காசு இருந்தது.

முலாம் பூசுகிறவர்கள் அப்படித்தான்.
ரசத்தில் கரைத்த பொன்னை
வெண்ணெய்போல் செம்பின்மேல் இழுகி
கரி நெருப்பில் காட்டினால்
ரசம் புகையாய்க் கிளம்பிவிடும், பொன் தங்கும்.
கிளம்பியது நெஞ்சுக்குள் குடியேறாதிருக்க
நாக்கின்கீழ் ஒரு பொற்காசு.
பொன்னைக் கண்டால் ரசம் விடாது.
காலையில் மஞ்சளாய் உள்ளே போவது
மாலையில் வெள்ளியாய் வெளியே வரும்.
என் கல்யாணக் காசு அது.
பதினோரு வருஷமாய்ப் பகலில்
அவர் என்னோடு ஒரு சொல் பேசியதில்லை.
சண்டையெல்லாம் விளக்கு வைத்தபிறகுதான்.

ஆகவே நான் பேசினேன்.
பேசினேன் என்றால், எரித்தேன்.
அவர் சட்டையை முதலில்,
ஈஸ்டருக்குத் தைத்த நல்ல சட்டை.
பிறகு கம்பித் தூரிகை, துடைத்த துணி,
தரையில் கூட்டிய குப்பை,
தெற்குக் காற்று வீசும் நாட்களில்
புகையைத் திருப்பி எங்கள் முகத்திலேயே துப்பும்
அந்தப் புகைக்கூண்டின் கரி.
எரித்து, அலசி, வடித்து, உருக்கித்
தட்டில் வைத்தபோது ஒரு திர்ஹம்.
கும்காப்பு மீன்காரர்கள்கூட
வலையை இப்படி உதறிப் பார்த்ததில்லை.

இன்னும் ஒன்றரை.

எதிர்ப்பட்டறை ஸ்தாவ்ரி
சூளையை விட்டுவிட்டு எழுந்து வந்தான்.
கெண்டியின் வயிற்றில் ஏழு கார்னேஷன் பூக்கள்.
"அந்தச் சிவப்பு, எஃபெந்தி,
பொன்னைத் திராவகத்தில் கரைத்துக்
கண்ணாடிப் பொடியில் கலந்தால்தான் பிறக்கும்.
செம்பைப் போட்டால் ஈரல் நிறம் வரும்.
அரை திர்ஹம் எடுத்தேன். சொல்ல மறந்துபோனது."

பொன் வைக்கும் இடத்தில் பூ வைக்கச் சொல்வார்கள்.
இவன் பூ வைக்கும் இடத்தில்
பொன்னை வைத்துவிட்டான்.
எஃபெந்தி கெண்டியை வெயிலில் திருப்பித் திருப்பி
இதழுக்குள் மஞ்சள் தேடினார்.
மாதுளை நிறம்தான் இருந்தது.
நம்பினாரோ என்னவோ, எழுதிக்கொண்டார்.

பிறகு யெப்ரெமைப் பார்த்து
வாயைத் திற என்றார்.

உள்ளங்கையில் துப்பிய காசு
தட்டைக் கீழே இழுத்தது.
இருக்கவேண்டிய எடையைவிடக் கனம்.
கூடியிருந்தவர்கள் ஒரே குரலில் மூச்சிழுத்தார்கள்.
கையும் களவுமாய் என்பார்களே,
இது வாயும் களவுமாய்.

இடுக்கியில் காசைப் பிடித்து
நெருப்பில் நீட்டினேன்.
தள்ளி நில்லுங்கள் என்றேன், யாரும் நகரவில்லை.
வெள்ளை பறந்தது.
மஞ்சள் திரும்பி வந்தது.
மறுபடி நிறுத்தால்
என் அப்பா எண்ணிக் கொடுத்த அதே எடை,
ஓர் அரிசிகூட ஏறவில்லை.

"நீங்கள் பார்த்த கனம்
இன்று இவர் நெஞ்சுக்குப் போகாமல் நின்றது, எஃபெந்தி.
நிற்காமல் போனதை
எந்தத் தட்டில் வைப்பீர்கள்?"

அவர் வெகுநேரம் பேனாவைத் துடைத்தார்.
ஒரு திர்ஹம், நெருப்பு எடுத்தது
என்று எழுதி, மணல் தூவி, ஏட்டை மூடினார்.
கெண்டி பட்டுத்துணிக்குள் போயிற்று.
நாளைக்கு எவரோ ஒரு விருந்தாளி
அதன் மூக்கின்கீழ் கையை நீட்டுவார்.
தண்ணீர் சூடாயிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்.

ராத்திரி பருப்புக் கஞ்சி.
யெப்ரெம் ஒரு கரண்டி வாயில் வைத்து
அன்றைய முதல் பேச்சைப் பேசினார்:
"அகாவ்னி, உப்பு."

இரண்டு தடவை போட்டிருந்தேன்.
மூன்றாவது தடவையும் போட்டேன்.